தேரன்று வரும் அம்புலன்ஸ்

மிச்சம் என்ற ஊருக்குப் போகும் லண்டன் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் லண்டனில் மூன்று கடை திறந்த எனக்கு, பேச்சைக் கேட்டே ஆளை எடைபோடத் தெரியும்.

“இந்தமுறை கோயில் தேருக்கு நான் தூக்குக்காவடி. முதுகில முள்ளுக் குத்தித் தொங்கத்தான் போறன்,” என்றார் கணவர்.

“போன மாசம்தானே நெஞ்சுநோவெண்டு ஆஸ்பத்திரியில கிடந்தனீங்கள்? டொக்டர் என்ன சொன்னவர்?”

“என்ர உடம்பு, என்ர நேர்த்திக்கடன். டொக்டருக்கு இதில என்ன கதை?”

“தொங்கேக்க மயங்கினா?”

“அம்புலன்ஸ் வரும்தானே. சும்மாவே வரி கட்டுறம்?”

“அந்த நேரம் அது வேற ஆருக்கும் தேவைப்பட்டா?”

“அவைக்கு வேற ஒண்டு வரும்.”



“அப்ப நானும் தலையில கற்பூரச்சட்டி எடுக்கிறன். ஆஸ்மா இருந்தா என்ன? என்ர உடம்புதானே.”

முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும்படி கணவர் கத்தினார்.

“உமக்கென்ன விசரே? புகையேறி மூச்சடைச்சா பிள்ளையளை ஆர் பாக்கிறது? எனக்கு நேரத்துக்கு ஆர் மருந்துக் குளிசை எடுத்துத் தாறது?”

“அம்புலன்ஸ் வரும்தானே,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் இறங்குவதற்கு எழுந்தார்.