முதுகால் பேசும் ராஜா

திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னதைக் கேட்டுத்தான் போனை மடியில் கவிழ்த்தேன்.

“எங்க ராஜா பத்து நிமிஷமும் முதுகாலதான் பேசறாரு, அக்கா.”

“எந்த ராஜா?”

“திருவிழா நாடகத்துல. ஒத்திகை நடக்குது. நாந்தானே டைரக்‌ஷன். மேடை மாதா கோயிலுக்கு எதிர்ல, சனம் ஒக்காரற எடம் மேடைக்கு அந்தாண்ட. கோயிலுக்கு முதுகு காட்டமாட்டோம்னு எல்லாரும் கோயில் பக்கமே திரும்பிக்கினு நடிக்கிறாங்க. நான் நாடகப் பயிற்சிக்குப் போயி கத்துக்கின மொத பாடமே, பாக்கற சனத்துக்கு முதுகு காட்டக்கூடாதுன்றது.”

“சொல்லிப் பாத்தியா?”

“பாத்தேன், கேக்கல. அதான் சனத்த கோயில் படியில ஒக்கார வெக்கப் போறேன். நடிக்கிறவங்க கோயிலயும் பாத்த மாதிரி ஆச்சி, சனத்தயும் பாத்த மாதிரி ஆச்சி.”

அக்கா விக்கிரவாண்டி வரைக்கும் யோசித்தாள்.

“அப்ப சனம் கோயிலுக்கு முதுகு காட்டுமே?”

“காட்டும். நாடகம் நடக்கறப்ப அது ஒருத்தருக்கும் ஞாபகம் வரக்கூடாது. வந்துச்சின்னா, நான் இன்னும் கத்துக்கலன்னு அர்த்தம்.”