மலை மறைத்த பொழுது

1983 மார்ச் 11, வெள்ளி

இன்று ஒரு பிழை. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை அடிக்கும்போது "மேற்கே மலை" என்று வர வேண்டிய இடத்தில் "கிழக்கே மலை" என்று அடித்துவிட்டேன். முத்திரைத்தாள் வீணாகிவிட்டது.

மாலை வகுப்பில் சுருக்கெழுத்துச் சொல்லித்தரும் சக்கரபாணி சார் எங்களை நாட்குறிப்பும் எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் அன்றைய பிழை, கடைசியில் மறுநாள் வேலை, நடுவில் நடந்தது நடந்தபடி. இதுவரை நடுவில் நான் எழுதியதெல்லாம் டைப் அடித்த பக்கங்களைப் பற்றித்தான். இன்று அக்காவைப் பற்றி எழுதுகிறேன். வரிசையாகச் சொல்ல வருமா என்று சந்தேகமாக இருக்கிறது. என்றாலும் சொல்லப் பயமில்லை.

வீட்டிலிருந்தபடியே வேலை செய்வதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அது தெரியாதவர்களுக்கு மற்றது புரியாது.

நான் ஜாப் டைப்பிங் செய்கிறேன். பத்திரம், மனு, கல்லூரிக்காரர்களின் ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் வரும். வேலை கொண்டுவந்து தருபவர் வக்கீல் குமாஸ்தா சகாதேவன் அண்ணன். சைக்கிளை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாகக் காகிதத்தை நீட்டுவார். "ஊட்லயே குந்திக்கினு வேலை பாக்குற ராஜாப்பா நீ. எங்களுக்குத்தான் ஆபீசு, அதிகாரின்னு ரோதனை" என்று சிரிப்பார். ஊரே அப்படித்தான் நினைத்தது. வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை சும்மா இருப்பவன். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வாசலில் நின்றே குரல் கொடுப்பார். "தம்பி, சும்மாத்தானே கீற? பால் அடுப்புல கீது, ஒரு கண்ணு பாத்துக்கப்பா. ரேசன் கடைக்கு ஓடிட்டு வந்துர்றேன்." பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு யாரும் கார்பன் வைத்து நான்கு பிரதி எடுக்க முடியாது.

ஆகவே நான் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். காலையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புவேன். தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, ஆபீசுக்குள் நுழைவதைப் போல முன்னறைக்குள் நுழைவேன். அதற்கும் தொந்தரவு குறையாததால் வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்சந்து வழியாக உள்ளே வரத் தொடங்கினேன். சகாதேவன் அண்ணனுக்கு மட்டும் அது தெரியும். பூட்டைப் பார்த்ததும் ஜோதியம்மாள் திரும்பிப் போய்விடுவார். நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டேன். ரேடியோவைப் பரணில் ஏற்றினேன். இவையெல்லாம் நல்ல பழக்கங்கள். தனியாகத் தொழில் செய்யும் யாருக்கும் சொல்லித்தருவேன்.

ஆனால் பூட்டு வெளியிலிருந்து வருபவர்களுக்குத்தான்.

பின்னறையில் பத்மினி அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் டைப் அடிக்கக் கற்ற நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியை எனக்குப் படித்துச் சொன்னவள் அவள்தான். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லிப் படிப்பாள். சர்க்கரை வியாதியில் முதலில் கண் போயிற்று. பிறகு கால் மரத்து, படுக்கையோடு ஆனாள். டாக்டர் என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "மாத்திரை போட்டுட்டு வயிறு காலியா இருக்கக் கூடாதுப்பா. ரெண்டு வேளையும் சாப்பிட்டாகணும்."

அக்கா எதற்கும் முனகியவள் அல்ல. அப்பு என்று கூப்பிடுவாள். தண்ணீர் கேட்பாள், தலையணையைத் திருப்பச் சொல்வாள், இன்றைக்கு என்ன கிழமை என்பாள். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். அதுதான் கஷ்டம். பெரிய விஷயமாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன். பாதி வரியில் எழுந்து போய்விட்டு வந்தால் விரல் இடத்தை மறந்துவிடும். அந்தப் பக்கத்தில் நிச்சயம் ஒரு பிழை விழும்.

நாங்கள் சமணர்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பா காலத்தில் இங்கே வந்தோம். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை. அக்கா அதில் கண்டிப்பு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். கண் தெரியாதவள் ஆனதால் தினமும் மாலைச் சாப்பாட்டுக்கு முன் கேட்பாள். "பொழுது இருக்கா அப்பு?" இருக்கிறது என்று சொல்லி, சோற்றைக் குழைத்து ஊட்டி, வாய் துடைத்து, அவள் பேச்சையும் கேட்டு எழுந்தால் வகுப்புக்கு நேரமாகிவிடும். பகலின் கடைசிப் பகுதி, வேலை ஓடும் நேரம், அதோடு போய்விடும்.

இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. மலை எங்களுக்கு மேற்கே இருக்கிறது. நிஜப் பொழுது சாய்வதற்கு வெகு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய், தெருவில் நிழல் விழுந்துவிடும்.

தை மாதத்தில் ஒரு விரிவுரையாளரின் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை. அதைத் தவறில்லாமல் முடித்துக் கொடுத்தால் அவருடைய கல்லூரி வேலை முழுவதும் என்னிடம் வரும், வராவிட்டால் ஏதாவது கடையில் கணக்கெழுதப் போக வேண்டியதுதான். அன்று தலை நிமிர்ந்தபோது அறை மங்கியிருந்தது. அக்கா கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "போயிடுச்சுக்கா, வேலையில கவனிக்கல" என்றேன். "பரவால்ல அப்பு, எனக்குப் பசியும் கம்மிதான்" என்றாள். வகுப்புக்குப் போகத் தெருவில் இறங்கிய பிறகுதான் பார்த்தேன். பெரிய கோயில் கோபுரத்தின் உச்சியில் இன்னும் வெயில் இருந்தது.

திரும்பிப் போய்ச் சோறு போட்டிருக்கலாம். யோசித்தபடி சிறிது தூரம் நடந்தேன். அதற்குள் வகுப்பு வந்துவிட்டது.

அன்று நடந்தது பிழை. அதை நான் மறுப்பதில்லை. மறுநாள் அவள் கேட்டபோது மலை நிழல் அப்போதுதான் விழுந்திருந்தது. நான் தட்டுவதை நிறுத்தாமலே, "போயிடுச்சுக்கா" என்றேன். அன்று செய்தது பிழை அல்ல. அவள் சமாதானமாகத் திரும்பிப் படுத்தாள். சாப்பிடாத மாலைகளில் அவள் பேசுவதும் குறைவு, கூப்பிடுவதும் குறைவு. என் பக்கங்கள் சுத்தமாக வந்தன. விரிவுரையாளர் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு அச்சுப் போல இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். மதிய மாத்திரையை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஒருநாள் அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"காக்காங்க இன்னும் அடையலையே அப்பு. கத்திக்கினே இருக்குதே."

"மலையாண்ட இருட்டிடுச்சுக்கா."

"அப்படியா. நீ சொன்னா சரி." கொஞ்சம் பொறுத்து, "இன்னிக்கு எத்தினி பக்கம் ஆச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். "இன்னும் கொஞ்சம்தான். முடிச்சுடுவே" என்றாள்.

அவள் இளைத்தாள். பகலிலேயே வியர்த்தது, கை நடுங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோதியம்மாள் வந்து பார்த்துவிட்டு என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "என்னா தம்பி, உங்கக்கா வாடி வத்தலாக் கீறாங்க? கேட்டா, ராத்திரிக்கு முன்ன சாப்புடறதை வுட்டுட்டேன், ஒரு வேளைதான் சாப்பாடு, நோன்புன்றாங்க. இந்த ஒடம்புக்கு நோன்பு ஒரு கேடா? நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

நோன்பு என்று அக்கா என்னிடம் சொன்னதில்லை. கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளே விட்டுவிட்டாள் என்றால் நான் எதையும் பிடுங்கவில்லை என்றுதானே ஆகிறது. நான் ஜோதியம்மாளிடம், "சொன்னா கேக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மறுநாளும் அவள் கேட்டாள். "பொழுது இருக்கா அப்பு?" நோன்பு எடுத்தவள் எதற்காகக் கேட்க வேண்டும் என்று அன்று ஒரு கணம் தோன்றியது. அந்த வரி முடிந்ததும் மறந்துவிட்டது.

சிவராத்திரிக் கூட்டத்தின் சத்தம் ஓய்ந்து சில நாள் கழித்து, பிப்ரவரி முடியும் தறுவாயில், அக்கா போனாள். அன்று கட்டுரையின் கடைசி அத்தியாயம். மதியம் மாத்திரை கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை எடுத்துவைத்துவிட்டு வேலைக்கு வந்தேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்புக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

உறவுகள் வந்தார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் தருமன் நயினார் ஜோதியம்மாளிடம் விசாரித்து, நோன்புக் கதையைக் கேட்டுவிட்டு என் தலையில் கைவைத்தார். "உன் அக்கா வடக்கிருந்து போன மாதிரி போயிருக்கா. சாதாரண ஜன்மம் இல்லப்பா அது. கூட இருந்து பணிவிடை செஞ்ச உனக்கும் அதுல பங்கு உண்டு" என்றார். ஊர்க் கோயிலில் நாளை மாலை ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். அக்காவின் நோன்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, வருகிறவர்களுக்குக் கொடுக்க டைப் அடித்துத் தரச் சொன்னார். தம்பி கையால் வருவதுதான் பொருத்தம் என்றார்.

அடிக்கப்போகிறேன். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என்னைக் கேள்வி கேட்க நினைப்பவர்களை நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஆபீசுக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் படுக்கையிலிருந்து எத்தனை குரல்கள் உங்களைக் கூப்பிட்டிருக்கும்? உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஆபீசும் வீடும் ஒரே சுவருக்குள் இருந்தன. நடுவில் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அதை எழுப்பியதற்காக நான் தலைகுனியப் போவதில்லை. கட்டுரையில் ஒரு பிழைகூட இல்லை. கல்லூரி வேலை வந்துவிட்டது.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். சார் சொல்லித்தந்த பழக்கம் அது. மேலே ஒரு பிழை இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை என்று எழுதியிருக்கிறேன். கூப்பிட்டாள்.

நாக்குக் குழறியிருந்தது. "அப்பு, ஒரு வாய் சக்கரைத் தண்ணி குடுக்கிறியா? பொழுது இருக்கா?" கடைசி அத்தியாயத்தில் நான்கு பிரதிக்கும் கார்பன் வைத்து அப்போதுதான் தாளை ஏற்றியிருந்தேன். எழுந்து பின்னறை வாசல்வரை போனேன். மலை நிழல்கூட அப்போது விழுந்திருக்கவில்லை. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து அவள் கையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான், "போயிடுச்சுக்கா" என்றேன்.

அவள் அந்தக் கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவள் மனதார எடுத்த நோன்பு அது. நான் அதைக் கலைக்கவில்லை.

நாளை: காலையில் தருமன் நயினாருக்கான பக்கத்தைப் பிழையில்லாமல் அடித்து அனுப்ப வேண்டும். பிறகு பின்னறையை ஒழித்து, மெஷினை மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் போட வேண்டும். மலை நிழல் விழுந்த பிறகும் அங்கே வெகுநேரம் வெளிச்சம் இருக்கிறது.