கூட்ரூன் பெட்டர்சன் இறங்க மறுத்த இருக்கை

மேயர் அவர்களே, ராட்டின உரிமையாளர் சங்கத் தலைவர் டெட்லெஃப் கார்ஸ்டென்ஸ் அவர்களே, கறுப்பு உடையில் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் துறைமுக ஊர் மக்களே, வணக்கம்.

நான் ஹின்னெர்க் வுல்ஃப். ராட்டினப் பாதுகாப்பு ஆய்வாளர் கூட்ரூன் பெட்டர்சன் அம்மையாரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவன். எனக்கு முன்னால் பேசிய நீங்கள் எல்லோரும் அவரை "நம்ம கூட்ரூன்" என்றீர்கள். எப்போதிலிருந்து அவர் உங்கள் கூட்ரூன் ஆனார்? படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது உங்களில் ஒருவர்கூட அவர் வீட்டு மணியை அடிக்கவில்லையே. இப்போது அவர் படத்தையே மறைக்கும் அளவுக்கு மலர்வளையங்கள்.

அவர் செய்த குற்றம் என்ன? கோடை விழா தொடங்கும் காலையில் கார்ஸ்டென்ஸ் அவர்களின் எட்டுக்கை ராட்டினத்தை நிறுத்தினார். கைகள் உள்ளீடற்ற இரும்புக் குழாய்கள். வெளியே புதுச் சிவப்புச் சாயம். கூட்ரூன் சுத்தியலால் தட்டினார். ஒரு கை மட்டும் மந்தமாக ஒலித்தது. ஒலியைச் செலுத்தி இரும்பின் கனத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். அடிப்பகுதியில் பாதி இரும்புகூட இல்லை. தண்ணீர் வடியும் துளையைச் சாயம் அடைத்திருந்தது. உள்ளே தேங்கிய உப்புத் தண்ணீர் அரித்துத் தின்றுவிட்டது.

"கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே. உன் பொட்டி பொய் சொல்லுது," என்றார் கார்ஸ்டென்ஸ்.

"கண்ணுக்குத் தெரிஞ்சா என்னை எதுக்குக் கூப்பிடுறீங்க?"

"ஊரே வரிசையில நிக்குது. ஏமாத்தி அனுப்பச் சொல்றியா?"

"உயிரோட அனுப்பச் சொல்றேன்."

மேயர் அவர்கள் வெளியூரிலிருந்து வேறோர் ஆய்வாளரை வரவழைத்தார். அவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், ஓட்டலாம் என்றார், போய்விட்டார். உடனே கூட்ரூன் அந்தக் கையில் தொங்கிய இருக்கையில் ஏறிப் பட்டையை மாட்டிக்கொண்டார்.

"ஓட்டுங்க டெட்லெஃப். வழக்கமா முதல் சுத்துல உங்க பேரப்பிள்ளைங்கதானே உக்காருவாங்க? இன்னிக்கு நான் உக்காந்திருக்கேன்."

"இறங்குடி கிழவி" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ கடித்த மீன் ரொட்டியை எறிந்தார்கள். கூட்ரூன் தன் கோட்டைத் துடைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

கார்ஸ்டென்ஸ் அவர்களே, உங்கள் கை விசையின் மேல் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். நல்ல இரும்பு என்றுதானே சத்தியம் செய்தீர்கள்? பிறகு ஏன் அழுத்தவில்லை?

தலை குனிய வேண்டாம். பதில் சொல்லுங்கள்.

கடைசியில், அவர் சொன்னதைப் பொய்யாக்கத்தான், ரம்பம் கொண்டுவரச் சொன்னீர்கள். ராட்டினத்தின் அந்தக் கையை அறுத்ததும் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. பின்னாலேயே துரு, ஏடு ஏடாக. ஒருவராவது நன்றி சொன்னீர்களா? விழாவைக் கெடுத்தவள் என்று பெயர் வைத்தீர்கள். அவரை மாற்றச் சொல்லி உங்கள் சங்கம் மனுப் போட்டது. அதன்பின் அவர் ரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

படுக்கையில் இருந்தவரிடம் கேட்டேன், "இவங்க மேல உங்களுக்குக் கோவமே இல்லையா?"

"நிறைய இருக்கு, ஹின்னெர்க். அதுக்காகத் துரு காத்திருக்குமா?"

உங்களை மன்னிக்கச் சொல்லி அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் வேலை நிற்காது. படகுத்துறையில் ஓடும் பெரிய சக்கர ராட்டினத்தின் குழாய்களை இதுவரை யாரும் அளந்ததில்லை. நாளைக் காலை அவருடைய கருவியோடு நான் வருகிறேன். அதன் வேலிக் கதவைப் பூட்டி வைக்காதீர்கள்.