ஆறாவது முறுக்குக் குவளை

— கையைக் கழுவிட்டு வாங்க கொம்பாத்ரே. சேத்துக் கையோட இதைத் தொடாதீங்க.

— நாப்பது வருஷமா சேத்துக் கையோடதான் சோறே தின்னுட்டிருக்கேன் கொமாத்ரே. துணியை அவிழுங்க. உள்ள என்ன, கோழியா?

— குவளை.

— மாதாவே! சான் ஹுவான் தெ ஓரியந்தெ ஊருல ஒருத்தி குவளையைத் துணியில சுத்திக்கிட்டு வர்றா. நம்ம தெருவுல கண்ணை மூடிக்கிட்டுக் கல்லெறிஞ்சா நாலு குவளை உடையும். உங்க பின்னாடி திரும்பிப் பாருங்க, நூத்தி இருபது காயுது. வேணும்கிறதை எடுத்துக்கிட்டுப் போங்க.

— இது முறுக்குக் குவளை. முறுக்கு வலது பக்கம் சாயுது.

— வலது பக்கமா?

— ஏன் கொம்பாத்ரே, சக்கரத்தை நிறுத்திட்டீங்க?

— எங்கிருந்து வந்துது இது?

— பக்கத்து வீட்டுப் பெத்ரோனாவோட மருமகன் எல்லைக்கு அந்தப் பக்கம், சான் ஹோசேயில இருந்து வந்திருக்கான். அங்க ஞாயித்துக்கிழமைச் சந்தையில வாங்கினானாம். யாரு வித்தாங்கன்னு கேட்டேன். கூட்டத்துல கவனிக்கலைங்கிறான்.

— கவனிக்கலையாமா! மூக்குக்கு நேரா மாடு நின்னாலும் அவன் கவனிக்க மாட்டான்.

— உங்க இடது கணுக்கால் எப்படி இருக்கு?

— அதை ஏன் கேக்குறீங்க. மே மாசம் சறுக்கி விழுந்தது, இன்னும் வீக்கம் வத்தல. நல்லவேளை, சக்கரத்துக்கு வேண்டாத கால். வலது கால் போயிருந்தா இந்நேரம் கோயில் வாசல்ல உக்காந்திருப்பேன். குவளையைக் குடுங்க.

— இந்த ஊருல எல்லாரும் சக்கரத்தை வலது காலால உதைக்கிறவங்க. எல்லார் முறுக்கும் இடது பக்கம்தான் சாயும்.

— எனக்கா பாடம் எடுக்குறீங்க? உங்க புருஷன் நிக்கனோர் பக்கத்துச் சக்கரத்துல இருபது வருஷம் உக்காந்தவன் நான். பத்து வயசுல குதிரை உதைச்சு அவனுக்கு வலது முட்டி போச்சு. அதுலேருந்து இடது கால்தான். அவன் சக்கரமே ஊருக்கு எதிர்த் திசையில சுத்தும். ஈரக் குவளையில மேலிருந்து கீழா பட்டை போட்டு, வாயை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு சுத்து. அவ்வளவுதான், குவளை இடுப்பை ஒடிச்சுக்கிட்டு வலது பக்கமா ஆடும். "பொண்ணுங்க நடனத்துல திரும்புற மாதிரி இருக்குடா"ன்னு நான் கேலி பண்ணுவேன்.

— அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். அவரு எல்லை தாண்டிப் போனதுலேருந்து, ஜூன்ல சான் ஹுவான் திருவிழாவுக்குத் திருவிழா ஒரு குவளை வரும். எல்லையில லாரிக்காரன் குடுத்தான்னு நீங்கதான் கொண்டாந்து தருவீங்க. கடுதாசி கிடையாது, போன் கிடையாது. உள்ள கையை விட்டுத் தடவிப் பார்த்துட்டு, "நிக்கனோர் கைதான் கொமாத்ரே"ன்னு சொல்வீங்க. அஞ்சு குவளை. அஞ்சு வருஷமா அந்த ஒரு வார்த்தையிலதான் நானும் என் மக லுசிலாவும் ஓட்டிக்கிட்டிருக்கோம்.

— ஆமா, அதுக்கென்ன இப்ப?

— இந்த வருஷம் வரல.

— லாரிக்காரன் மாறிட்டான்னு அப்பவே சொன்னேனே.

— சொன்னீங்க. அதான் கேக்குறேன், இது அவர் கையா?

— வெச்சுட்டுப் போங்க. நிதானமா பார்த்துச் சொல்றேன்.

— நிதானத்துக்கு நேரமில்ல. நாளைக்குக் காலையில மனாகுவா பஸ். அங்கிருந்து விமானம். கடலுக்கு அந்தப் பக்கம் சரகோசாவுல எங்கக்கா கிழவிங்களைப் பார்த்துக்கிற வீட்டுல எனக்கும் இடம் பிடிச்சிருக்கா. லுசிலாவையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.

— நாளைக்கா? ஊரு பூரா தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியலையா? ஞானஸ்நானத்துக்குக் கோயில்ல அவளைக் கையில ஏந்தி நின்ன ஞானத்தகப்பன் நான், அதனாலதானே நாம கொம்பாத்ரே, கொமாத்ரே, என்கிட்ட ஒரு வார்த்தை...

— இப்ப சொல்றேன்ல. இது அவர் கைன்னா உசுரோட இருக்காருன்னு அர்த்தம். டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு இருந்துடுவேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. ஆனா ஒண்ணு. உண்மையைச் சொல்லுங்க. எனக்குப் பாவம் பார்க்காதீங்க.

— அந்த வெளிச்சத்துப் பக்கம் நகருங்க, பார்ப்போம். ம்... அடி கனமா இருக்கு.

— இருந்தா?

— நீங்க கூழாங்கல்லால தேய்ச்சுப் பளபளப்பு ஏத்துறவங்க கொமாத்ரே, சக்கரத்துல உக்காந்தவங்க இல்ல. உங்களுக்குத் தெரியாது. அடியில மண்ணைச் சேர்த்து வெச்சா, மேல இழுக்கத் தெரியலைன்னு அர்த்தம். நிக்கனோர் குவளையை எடுத்தா காத்தை எடுத்த மாதிரி இருக்கும். இருங்க, உள்ள தடவுறேன். பெருவிரல் தடம் சின்னது. என் விரலே அதுல உக்காரல. அவன் விரலு வாழைப்பழம் மாதிரி.

— அப்புறம்?

— பிடியைப் பாருங்க, கோணி நிக்குது. முறுக்கின மண்ணு சும்மா இருக்காது. சூளையில சூடு ஏற ஏற இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கும். அதனால ஒட்டும்போதே பிடியை ஒரு விரல் தள்ளி ஒட்டணும். சுட்டு வெளிய வரும்போது தானா நேரா வந்து நிக்கும். இதை ஒட்டினவனுக்கு அது தெரியல. நேரா ஒட்டியிருக்கான், சூளை கோணலாக்கிடுச்சு. யாரோ புதுசா பழகுறவன்.

— அப்ப?

— மன்னிச்சுக்குங்க கொமாத்ரே. இது அவன் கை இல்ல.

— இல்லையா?

— இல்ல.

— நல்லாத் தெரியுமா கொம்பாத்ரே? இல்லவே இல்லையா?

— இல்ல. ஏன், என்ன ஆச்சு? அட, அழாதீங்க.

— அழல. ஒண்ணுமில்ல. போதும். நீங்க சொன்னது போதும். குடுங்க, நான் வீட்டுக்குப் போறேன். லுசிலா காத்திருப்பா.

— இப்படியேவா போவீங்க? உக்காருங்க, ஒரு வாய் தண்ணி...

— வேணாம். போறேன். கடவுள் உங்களுக்கு நல்லது செய்யட்டும் கொம்பாத்ரே. விடுங்க.

— நகத்தமால், வாழையிலையில வேகவெச்ச சோள நகத்தமால், சூடா நகத்தமால்! ஏய் பயார்தோ, சக்கரமே கதின்னு இன்னிக்கும் பட்டினியா? உனக்குத்தான் ஆக்கிப் போட ஆளில்லையே... அய்யோ, இது யாரு, இஸ்மேனியாவா? என்னடி, மூஞ்சி இப்படி நனைஞ்சு கிடக்கு?

— ஒண்ணுமில்ல தோன்யா பெர்த்தா. தூசி விழுந்துடுச்சு.

— தூசியா? எழுவது வயசுக் கிழவிகிட்ட தூசிக் கதை சொல்றா! டேய், என்னடா சொன்ன அவகிட்ட?

— நான் ஒண்ணும் சொல்லல. ஒரு குவளையைப் பார்க்கச் சொன்னாங்க. பார்த்தேன்.

— புருஷன் குவளையா? பார்த்துட்டு இல்லைன்னுட்டியா? நீயெல்லாம் மனுஷனாடா! ஆறு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பேராப் போனீங்க. எட்டு மாசத்துல நீ மட்டும் தனியா வந்து இறங்கின. ஊரு உன்னை ஒரு கேள்வி கேக்கல. நாளைக்குக் கடல் தாண்டிப் போறவகிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்ல உன் வாயில பல்லு முளைக்கலையா?

— தோன்யா பெர்த்தா, அவரைத் திட்டாதீங்க. அவரு சரியாத்தான் சொன்னாரு.

— நீ சும்மா இருடி. இந்தா, ரெண்டு நகத்தமால் வெச்சுக்க, காசு வேணாம். பஸ்ஸுல பிள்ளைக்கு ஆகும். டேய், உன் நாக்கு அழுகித்தான் போகும். நகத்தமால், சூடா நகத்தமால்!

— வாய்க்குப் பூட்டுப் போட முடியாத கிழவி. மூணாவது தெரு வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே போவா.

— நான் கிளம்புறேன் கொம்பாத்ரே.

— நில்லுங்க. அந்தக் குவளையைத் திரும்பக் குடுங்க.

— எதுக்கு? பார்த்துட்டீங்களே.

— குடுங்கன்னா குடுங்க. இந்தக் கண்ணுக்கு ஒரு தடவை பார்த்தா போதாது. சொல்றேன் கேளுங்க, உள்ள இருட்டுல பார்த்தேன். அவசரத்துல பார்த்தேன்.

— அவசரப்படல. நல்லாத்தான் பார்த்தீங்க. விரலு சின்னதுன்னீங்க.

— அஞ்சு வருஷம் அன்னாசித் தோட்டத்துல முள்ளுக்குள்ள கையை விட்டவனுக்கு விரலு வாழைப்பழமாவா இருக்கும்? வத்திப் போயிருக்கும். நான் எட்டு மாசம் இருந்ததுக்கே என் மோதிரம் கழண்டு விழுந்துச்சு.

— அடி கனம்னீங்க.

— வேற ஊரு மண்ணு. அவங்க மண்ணு முரட்டு மண்ணு. இழுத்தா கிழியும், கொஞ்சம் கனமாத்தான் விடணும்.

— பிடி கோணல்?

— சூளையும் வேறதானே. அங்க கேஸ் அடுப்புல சுடுவான். எவ்வளவு முறுக்கும்னு எப்படித் தெரியும் அவனுக்கு? இங்க பாருங்க, வாய் ஓரத்துல. இந்த வளைவு தெரியுதா? ரெண்டு விரலால பிடிச்ச வளைவு. ஊருல எல்லாரும் மூணு விரலால பிடிப்போம். அவன் ஒருத்தன்தான் ரெண்டு விரல்.

— எனக்கு ஒண்ணும் தெரியல.

— எனக்குத் தெரியுது.

— கொம்பாத்ரே, என் மூஞ்சியைப் பாருங்க. நீங்க முதல்ல சொன்னதுல எனக்கு வருத்தமே இல்ல. கிழவி திட்டினாங்கிறதுக்காக மாத்திச் சொல்ல வேணாம். இல்லைன்னா இல்லைன்னே இருக்கட்டும்.

— வருத்தமில்லையாம்! அழுத மூஞ்சியை நான் பார்க்கல? கிழவிக்குப் பயந்தவனா நான்? கண்ணுக்குத் தெரியுறதைச் சொல்றேன்.

— நீங்க ரெண்டு பேரும் எல்லை ஆத்தைக் கடந்த அன்னிக்கு என்ன ஆச்சு?

— அது எதுக்கு இப்ப?

— சும்மா. இன்னொரு தடவை கேட்கணும் போல இருக்கு.

— எத்தனை தடவை சொல்லியிருக்கேன். மழை. ஆறு செம்மண்ணாப் போயிட்டிருந்துச்சு. அந்தப் பக்கம் போலீஸ் விளக்கு. கரை ஏறினதும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். அதுக்கப்புறம் நான் அவனைப் பார்க்கல.

— அவரு கரை ஏறினதைப் பார்த்தீங்களா?

— பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன்.

— முந்தி கேட்டப்போ, மழையில ஒண்ணும் தெரியலைன்னீங்க.

— அது... மின்னல் வெட்டுச்சு. அந்த வெளிச்சத்துல பார்த்தேன். ஏன் கொமாத்ரே, வழக்கு நடத்துறீங்களா? உங்க புருஷன் குவளை கையில இருக்கு, அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவீங்களா, மழையைப் பத்திக் கேப்பீங்களா!

— அவருக்கு நீஞ்சத் தெரியாது.

— தெரியாதுதான். என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தான்.

— தோளைப் பிடிச்சுக்கிட்டா? இதை நீங்க சொன்னதே இல்லையே.

— சொல்லியிருப்பேன். மறந்திருப்பீங்க.

— நான் எதையும் மறக்கல.

— சரி, விடுங்க. நல்ல நாளும் அதுவுமா. வீட்டுக்குப் போங்க. லுசிலாகிட்ட சொல்லுங்க, அப்பா இந்த வருஷமும் அனுப்பியிருக்காருன்னு. பதினாலு வயசுப் பிள்ளை, துள்ளிக் குதிப்பா. சரகோசாவாம், சரகோசா! எவன் வீட்டுக் கிழவிக்கோ குளிப்பாட்டி விடுறதுக்கா உங்களை நிக்கனோர் கட்டிக்கிட்டான்? இன்னும் ஒரு வருஷம் பாருங்க. வந்துடுவான். எனக்கு மனசுல படுது.

— கடைசியா ஒரு தடவை கேக்குறேன். இதுக்கு மேல கேக்க மாட்டேன். இது அவர் கை இல்லைன்னு சொல்லணும்னு உங்களுக்குத் தோணினா, இப்ப சொல்லிடுங்க. கெஞ்சிக் கேக்குறேன் கொம்பாத்ரே. இல்லைன்னு சொல்லிடுங்க.

— இல்லாததை எப்படி இல்லைன்னு... சீ, இருக்கிறதை எப்படி இல்லைன்னு சொல்றது? நிக்கனோர் கைதான். லுசிலா தலை மேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்.

— என் பிள்ளை தலை மேலயா?

— உங்க பிள்ளை தலை மேல. என் ஞானமகள் தலை மேல. போதுமா?

— போதும்.

— அப்பாடா. டிக்கெட்டைக் கிழிங்க. எங்க கிளம்பிட்டீங்க? குவளையை எடுத்துக்கலையா?

— அது இங்கேயே இருக்கட்டும், பயார்தோ.

— என்ன கொமாத்ரே, புதுசா பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்க?

— முதல்ல இல்லைன்னியே, அதோட நீ விட்டிருந்தா, உனக்கு அவர் கை தெரியும், நீ பொய் சொல்ல மாட்ட, அந்த அஞ்சும் நிஜமாவே அவரு செஞ்சதுதான்னு நம்பி இங்கேயே காத்துக் கிடந்திருப்பேன். இதைச் செஞ்சது நான், ரெண்டு மாசமா பக்கத்து ஊரு மசாயாவுல ஒருத்தி வீட்டுச் சக்கரத்துல இடது காலால உதைச்சுப் பழகினேன். அந்த அஞ்சையும் நீயேதான் இப்படிச் செஞ்சிருக்க, கணுக்கால் வீங்கினதாலதான் இந்த வருஷம் வரல. இப்ப சொல்லு, அவர் கையை ஆத்துல எந்த இடத்துல விட்ட?