வெர்லின் ஸ்ட்ரவுட்டின் பத்து மணி நேரத் தூக்கம்

நான் காரை எப்போதும் பின்பக்கமாக எடுத்துத்தான் நிறுத்துவேன். உங்கள் விசாரணை அலுவலக வாசலில் இன்று காலை நின்ற பதினான்கு வண்டிகளில் முகத்தை வெளியே காட்டிக்கொண்டு நிற்பது என்னுடையது ஒன்றுதான். அந்த ஜன்னலில் இருந்து பார்த்தாலே தெரியும். கிளம்புகிற அவசரத்தில் பின்னால் எடுப்பவன்தான் ஆளை இடிப்பான். இருபத்திரண்டு வருஷமாக ஒரு லாரி நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளராக இருப்பவனுக்கு இதெல்லாம் மூச்சு விடுவது மாதிரி, மேடம்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. புதன்கிழமை மாலை நான்கு ஐம்பத்திரண்டுக்கு டிரைவர் வெர்லின் ஸ்ட்ரவுட்டின் பணி நேரப் பதிவில் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தியது யார் என்று. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் தப்பாகப் படும். அதனால் முறைப்படி சொல்கிறேன். ஒலிப்பதிவு ஓடட்டும்; எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பெயர் லைல் புரூயிட். டெக்சாஸின் வடமேற்கு மூலையில், ஓக்லஹோமா எல்லையை ஒட்டி எங்கள் நிறுவனம். நாற்பத்தொரு லாரிகள், குளிர்சாதன டிரெய்லர்களில் மாட்டிறைச்சி ஏற்றுகிறோம். என் மேஜைக்குப் பின்னால் ஐந்து கேடயங்கள் இருக்கின்றன, ஐந்தும் பாதுகாப்புக்காகக் கொடுத்தவை. சட்டைப்பையில் எப்போதும் பச்சை அட்டை போட்ட விதிப் புத்தகம். அதனால் டிரைவர்கள் எனக்குப் பாதிரியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் அதை மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

விதி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பதிவில் இருக்கட்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகிற டிரைவர் பதினொரு மணி நேரம் ஓட்டலாம். வேலையைத் தொடங்கிய பதினான்காவது மணியோடு ஓட்டம் முடிந்தது. பிறகு தொடர்ந்து பத்து மணி நேரம் ஓய்வு. அதை முடித்துவிட்டால் அவன் புது மனிதன். கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இருபத்துநான்கு மணி நேரத்தையும் நான்கு கோடுகளில் காட்ட வேண்டும்: விடுப்பு, லாரி சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கை, ஓட்டம், ஓட்டாத வேலை. மனித வாழ்க்கையில் இந்த நான்கில் அடங்காத எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

டெக்சாஸுக்குள்ளேயே ஓடுகிறவனுக்கு மாநில விதி. அவன் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டலாம். இதை டிரைவர்களுக்கு நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் வெர்லின் கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கினார்.

“பாதிரியாரே, ஒரு சந்தேகம். டெக்சாஸுக்குள்ளயே சுத்துனா பன்னெண்டு மணி நேரம் தூக்கம் வராது. ஓக்லஹோமா போர்டைத் தாண்டுனா பதினோராவது மணியிலயே வந்துரும். அப்படித்தானே? தூக்கத்துக்கே ரெண்டு அரசாங்கம் வச்சு நடத்துறீங்க. நல்லா இருப்பீங்கய்யா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெர்லினுக்கு ஐம்பத்தேழு வயது, பெருத்த உடம்பு, வாய் கொஞ்சம் நீளம். நல்ல டிரைவர். முப்பது வருஷத்தில் ஒரு தபால்பெட்டியைக்கூட இடித்ததில்லை. அவருடைய மனைவி ஓபல் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறார், எங்கள் நிறுவனத்தின் காப்பீட்டில். இதை நான் இரக்கத்தோடு குறிப்பிடுகிறேன்.

இப்போது ஆலை வரிசைக்கு வருகிறேன். நெப்ராஸ்காவில் நாங்கள் சரக்கெடுக்கும் இறைச்சி ஆலையில், ஏழு மணிக்கு வா என்றால் ஏழு மணிக்கு வரிசையில் நில் என்று அர்த்தம். முன்னால் முப்பது லாரி நிற்கும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை வரிசை ஒரு லாரி நீளம் நகரும். நகராமல் கண்ணயர்ந்தால் பின்னால் நிற்பவன் ஹாரனை அழுத்துவான். அதற்கும் எழவில்லை என்றால் சுற்றிக்கொண்டு முன்னால் போய்விடுவான். இப்படி எட்டு மணி, பத்து மணி நேரம் போகும். டிரைவர் உட்கார்ந்தே இருக்கிறான். ஆனால் அவனுடைய பதினான்கு மணி நேரம் கரைந்துகொண்டே இருக்கிறது. சரக்கு ஏறி முடியும்போது ஓட்டுவதற்கு நேரம் இருக்காது.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. லாரியில் இருக்கும் மின்னணுக் கருவி, வண்டி மணிக்கு ஐந்து மைல் வேகத்தைத் தாண்டினால்தான் அது ஓடுகிறது என்று எழுதும். அதற்குக் கீழே போனால், கருவியைப் பொறுத்தவரை வண்டி நிற்கிறது. ஆகவே வரிசையில் நடை வேகத்தில் ஊர்ந்து போங்கள் என்று டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மிச்சத்தை என் மேஜையில் இருந்து நான் பார்த்துக்கொள்வேன். ‘ஓட்டாத வேலை’ என்ற கோட்டிலிருந்து அந்தப் பத்து மணி நேரத்தைப் ‘படுக்கை’ என்ற கோட்டுக்கு ஏற்றி, திருத்தமாக அனுப்புவேன். மேலாளர் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதோ மறுப்பதோ டிரைவர் கையில். அவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது. விதி அதில் மிகத் தெளிவு. எங்கள் டிரைவர்கள் ஈயை விரட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டி ஏற்றுக்கொள்வார்கள்.

அப்படியாக, ஆறு வருஷம் எங்கள் ஆட்கள் தூங்கிக்கொண்டே முப்பது லாரி வரிசையில் வண்டியை நகர்த்தினார்கள். பதிவு சுத்தமாக இருந்தது. தணிக்கைக்கு வந்தவர் என் கையைக் குலுக்கி, இவ்வளவு ஓய்வெடுத்த டிரைவர்களை நான் பார்த்ததே இல்லை என்றார்.

செவ்வாய்க்கிழமை வெர்லின் நண்பகலில் வேலையைத் தொடங்கினார். காலி டிரெய்லரோடு ஏழு மணி நேரம் ஓட்டி, ஏழு மணிக்கு ஆலை வரிசையில் சேர்ந்தார். சரக்கு ஏறி முடிந்தது மறுநாள் காலை ஐந்து மணிக்கு. என்னைக் கூப்பிட்டார்.

“லைல், முப்பது தடவை நகத்திருக்கேன். பொட்டுக் கண்ணு மூடலை. இதை வேலைன்னுதான் போட்டுருக்கேன்.”

“ஒண்ணும் தப்பில்லை. சின்னத் திருத்தம் ஒண்ணு அனுப்பியிருக்கேன். ஏத்துக்கிட்டுக் கிளம்புங்க.”

“என்ன திருத்தம்?”

“படுக்கைன்னு.”

“நான் தூங்குனேன்னா?”

“படுக்கையில இருந்தீங்கன்னு. தூங்குனீங்களான்னு கோடு கேக்காது.”

“படுக்கை எனக்குப் பின்னால இருக்கு. நான் சீட்டுல இருந்தேன்.”

“ரெண்டடி தூரம்தானே, வெர்லின்.”

வெர்லின், “ஓட்டச் சொன்னா ஓட்டுறேன். தூங்குனேன்னு மட்டும் என்னைச் சொல்ல வைக்காதீங்க. எங்கப்பாவும் லாரிதான் ஓட்டுனாரு. தூங்குனப்பதான் தூங்குனேன்னு எழுதுவாரு” என்றார்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. விதியை மீறி ஓட்டத் தயார், கையெழுத்தில்தான் கற்பு. போகிற வழியில் மனசு மாறும் என்று நினைத்து, கிளம்புங்கள் என்றேன். டல்லாஸ் கிடங்கில் மாலை ஏழு மணிக்கு இறக்க வேண்டிய சரக்கு அது.

மத்தியானம் ஒன்று பத்துக்கு மறுபடியும் கூப்பிட்டார். ஓக்லஹோமாவில் ஒரு லாரி நிறுத்தத்தில் இருந்து. பின்னணியில் யாரோ டயரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நான் மேஜையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“கோடு ரெண்டு ரெண்டா தெரியுது, லைல். கடைசி இருபது மைல் எப்படி வந்தேன்னே ஞாபகம் இல்லை. இங்கயே ஒதுக்கிப் போட்டுட்டுத் தூங்கப் போறேன்.”

இந்த இடத்தில் நான் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன். அதில் எனக்கு மறைக்க எதுவும் இல்லை.

“தாராளமா, வெர்லின். சோர்வா இருந்தா ஓட்டக் கூடாதுன்னு விதியிலயே இருக்கு. ஓட்டுன்னு யாரும் கட்டாயப்படுத்தவும் கூடாது. நான் கட்டாயப்படுத்தலை. ஆனா நான் ஒரு குறிப்பு எழுதணும் இல்லையா? பத்து மணி நேரம் படுக்கையில இருந்த டிரைவர், எட்டே மணி நேரத்துல கண்ணு சொருகுதுன்னு சொல்றாருன்னு எழுதணும். அப்படி எழுதிட்டா அடுத்ததா உங்களைத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பாம இருக்க முடியாது.”

தூக்கத்தில் மூச்சு அடைக்கும் நோய் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை அது. கழுத்து பதினேழு அங்குலத்துக்கு மேல் இருந்தால் டாக்டர்களுக்குச் சந்தேகம் வரும். இது பச்சைப் புத்தகத்தில் இல்லை, வழக்கம், அவ்வளவுதான். பரிசோதனை, முடிவு, மருத்துவச் சான்றிதழ் என்று மூன்று மாதம் போகும். அதுவரை வண்டி கிடையாது. வண்டி இல்லாதவருக்குக் காப்பீடு கிடையாது. என் இழுப்பறையில் ஒரு அளவு நாடா இருக்கும். அதை நான் யாருடைய கழுத்திலும் இறுக்கியதில்லை. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

“கழுத்தா?” என்றார் வெர்லின்.

“கழுத்துதான்.”

“பதினெட்டரை.”

“உங்களுக்கே ஞாபகம் இருக்கே.”

டயர் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. வெர்லின் சிரித்த மாதிரி இருந்தது.

“தூங்காதவனை ஓட்ட வைக்கிறதுக்குத் தூக்கப் பரிசோதனை. அடடா. சும்மா இல்லய்யா உனக்குப் பாதிரியார்னு பேர் வச்சோம். ஆள் சாகப் போறப்பதான் அவனும் புத்தகத்தோட வருவான்.”

“பொத்தானை அழுத்திடுங்க, வெர்லின்.”

“மாட்டேன்,” என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நிமிஷத்தில் என் திரையில் அவருடைய லாரி நகர ஆரம்பித்தது. அவராகத்தான் கிளம்பினார். நான் சாண்ட்விச்சை முடித்தேன்.

இரண்டு மணிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். சாலைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். கார்களை நிறுத்துவதற்காக ஒரு பெண், ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு, ‘நில்’ என்று எழுதிய பலகையைப் பிடித்தபடி நின்றாள். டார்லா மேய்ஸ் என்று பெயர், வயது முப்பத்திநான்கு என்று பிறகு படித்தேன். எண்பதாயிரம் பவுண்டு வண்டி, பிரேக் தடம் எதுவும் இல்லை. அவளும், அவள் நிறுத்திவைத்திருந்த முதல் காரில் இருந்த இரண்டு பேரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். அவள் எல்லாவற்றையும் விதிப்படிதான் செய்திருந்தாள். பலகையின் உயரம்கூடச் சரியாக இருந்தது. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

தகவல் வந்ததும் நான் முதலில் பார்த்தது திரையை. திருத்தம் இன்னும் ஏற்கப்படாமல், மஞ்சள் நிறத்தில் நின்றது. ஏற்காவிட்டால், வெர்லின் இருபத்தாறு மணி நேரமாக வேலையில் இருந்தார் என்று ஆகிவிடும். நாற்பத்தொரு லாரி, அறுபது குடும்பம், ஐந்து கேடயம். ஒரு மனிதர் சொன்ன வேலையை முடிக்காமல் விட்டதற்காக இத்தனையும் போக வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

வெர்லினைச் சேர்த்திருந்த மருத்துவமனை தொண்ணூறு மைல். நான் எங்கும் வேக வரம்பைத் தாண்டவில்லை. காரைப் பின்பக்கமாக நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஓபல் இன்னும் வந்திருக்கவில்லை. புதன்கிழமை அவருக்கு டயாலிசிஸ் நாள், இயந்திரத்திலிருந்து பாதியில் எழ முடியாது. உறவா என்று நர்ஸ் கேட்டாள். கம்பெனி என்றேன். பாவம், தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று உள்ளே விட்டாள். பூட்ஸ், பர்ஸ், தொலைபேசி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிலுக்கடியில் இருந்தன.

எங்கள் பதிவுச் செயலி டிரைவரின் தொலைபேசியில்தான் இருக்கிறது. அவருடைய வலது ஆள்காட்டி விரல் வைத்தால்தான் தொலைபேசி திறக்கும். அந்த விரலில் நாடி பார்க்கிற கிளிப் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றினேன். இயந்திரம் கத்த ஆரம்பித்தது. விரலை வைத்துத் திறந்தேன். திருத்தம் முதல் பக்கத்திலேயே இருந்தது. ‘இது உண்மையும் சரியுமான பதிவு எனச் சான்றளிக்கிறேன். ஏற்கிறேன்.’

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், மேடம். தொலைபேசி திறந்தாகிவிட்டது. என் கட்டைவிரலாலேயே நான் அழுத்தியிருக்கலாம். வேறொரு மேலாளர் அதைத்தான் செய்திருப்பார். நான் செய்யவில்லை. டிரைவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது என்பது விதி. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் நான் தொட்டதில்லை, அன்றும் தொடவில்லை. வெர்லினின் விரலைப் பிடித்து, அதைப் பொத்தானில் வைத்தேன். மஞ்சள் பச்சையாயிற்று. கிளிப்பைத் திரும்ப மாட்டியதும் இயந்திரம் அடங்கிவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கழன்றுவிட்டது, மாட்டிவிட்டேன் என்றேன். நன்றி என்றாள்.

ஆகவே, யார் அழுத்தியது என்று கேட்டால், பதிவில் இருக்கிற பெயர் சரியான பெயர்தான். அவர் மறுநாள் காலையில் இறந்தார். அவருக்கு அப்போது நினைவில்லை, அது எப்படிச் சம்மதமாகும் என்று உங்கள் வக்கீல் கேட்பார் என்று தெரியும். ஒரு கண் பாதி திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது. நான் அவரிடம், பத்து மணி நேரம் நன்றாகத் தூங்கினீர்கள் இல்லையா, வெர்லின், என்று கேட்டுவிட்டுத்தான் அழுத்தினேன். மறுப்பவர் விரலை இழுத்துக்கொண்டிருப்பார். அவர் இழுக்கவில்லை.