அறுபத்து நாலு ஸ்டிக்கர்

இல்ல தம்பி, மொதல்ல விடுகதை. அதுக்குப் பதில் சொல்லுங்க, அப்பறம் வந்த வேலையச் சொல்றேன். எரநூத்துப் பதினோரு தடவ வந்து கதவத் தட்டுறாங்க. வீட்டுக்காரி உள்ளதான் இருக்கா. காது நல்லா கேக்கும். தூங்கவும் இல்ல. ஆனா ஒருத்தருக்கும் தொறக்கல. ஏன்?

யோசிங்க. மிஷினு அது பாட்டுக்கு ஓடட்டும். அந்த ஸ்டூல மட்டும் இப்பிடித் தள்ளுங்க. கிள்ளான்லேருந்து நின்னுக்கிட்டே வந்தேன். கொம்யூட்டர் ரயில்ல ஒருத்தன் எந்திரிக்கல, எல்லாம் போனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு... கிள்ளான்ல ஸ்டிக்கர் கடையே இல்லயான்னு பாக்குறீங்களா? நாலு இருக்கு. நாலு பேரு கூடயும் சண்ட. அதனாலதான் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வர வேண்டியிருக்கு. போன வாரம் உங்க கூடயும் போட்டாச்சு. தெரியும் லா. முகத்த அப்பிடி வெச்சுக்காதீங்க, இன்னிக்கி கத்த மாட்டேன்.

போன வாரம் என்ன சொன்னேன்? லோகன் தம்பி, உங்க மிஷினு கோணல், அறுபத்து நாலு கியூஆர் ஸ்டிக்கர்ல ஒண்ணு கூட போன்ல காட்டுனா தொறக்கலன்னு சொன்னேன். கடையில மூணு கஸ்டமர் இருந்தாங்க. கல்யாணக் கார்டு அடிக்க வந்தவரு எந்திரிச்சே போயிட்டாரு. அது தப்புதான். அதுக்குத்தான் இந்த வடை. சூடா இருக்கு, எடுத்துக்குங்க. ஆனா முழுத் தப்பும் என்னோடதில்ல. அதையும் சொல்லணும்ல?

எங்க ஸ்கூல் லைப்ரரியப் பாத்துக்குறது நான். கூடவே மூணாம் ஆண்டுக்குக் கணக்கு. புத்தகம் ஆயிரத்து எரநூறு இருக்கு, அதுல பாதி பிள்ளைங்கள விட வயசு மூத்தது. ஒலகப் படம் ஒண்ணு தொங்குது, இல்லாம போன நாட்டுக்கெல்லாம் அதுல தலைநகரம் இருக்கு. சரி, நெட்ல நல்லது எவ்வளவோ கெடக்குதே, தேடி எடுத்து, பட்டியல் போட்டு, அந்தந்த அலமாரியிலயே ஸ்டிக்கரா ஒட்டிடலாம்னு நெனச்சேன். மிருகப் புத்தகத் தட்டுல, மிருகம் கத்துறதக் கேக்குற பக்கம். கதப் புத்தகத் தட்டுல, வாய்விட்டு கத படிச்சுக் காட்டுற பக்கம். டீச்சர்மாருக்குன்னு தனியா, காசில்லாம எடுத்துக்குற படம், பயிற்சித் தாளு. பிள்ளைங்க டேப்லெட்டக் காட்டுனா தொறக்கணும். அவ்வளவுதான்.

எப்பிடித் தேடுனேன்னு கேளுங்க. கேக்கலன்னாலும் சொல்றேன். ஒவ்வொண்ணுக்கும் நாலு கேள்வி. யாரு எழுதுனாங்க, பேரு போட்டிருக்கா? கடைசியா எப்ப திருத்துனாங்க? பிள்ளையோட பேரு வயசெல்லாம் கேக்குதா? விளம்பரம் குதிக்குதா? ஒரு பக்கத்துல சூரியனச் சுத்தி எத்தன கிரகம்னு பாத்தா, இன்னும் ஒம்போது. தூக்கிட்டேன். இன்னொண்ணு கத அருமையாச் சொல்லும், நடுவுல செருப்பு விக்கும். அதையும் தூக்கிட்டேன். முன்னூறு பாத்ததுல அறுபத்து நாலு தேறுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி குறிப்பு எழுதி, எல்லாத்தையும் நெட்லயே என் கோப்பு ஒண்ணுல அடுக்கி வெச்சேன். ஸ்டிக்கரக் காட்டுனா அந்தக் கோப்புல அந்தப் பக்கம் வரும். நீங்க அடிச்சுக் குடுத்தீங்க, நான் ஒட்டுனேன். ஒவ்வொண்ணையும் மூணு தடவ சோதிச்சேன். எல்லாம் தொறந்துச்சு.

ஒரு மாசம் ஆச்சு தம்பி. ஒருத்தரும் பாக்கல. டொமினிக் சார்னு ஒருத்தர், உடற்கல்வி எடுக்குறாரு, ஸ்கூல் தோட்டமும் அவரு பொறுப்புதான். "டீச்சர், தொறக்க மாட்டேங்குது"ன்னாரு. பந்து புடிக்கிற கைக்கு இதெல்லாம் வராது சார்னுட்டேன். நல்ல மனுஷன், சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

அப்பறம் சந்திரகலா. நாலாம் ஆண்டு. ரீசஸ் மணி அடிச்சா கேன்டீனுக்குப் போகாம லைப்ரரிக்கு வர்ற ஒரே பிள்ள. பேச மாட்டா. படிப்பா. லைப்ரரித் தலைவி பேட்ஜ அவளுக்குத்தான் குத்தியிருந்தேன். இந்த ஸ்டிக்கர் வேலையே பாதி அவளுக்காகத்தான்னு வெச்சுக்குங்களேன், அவ வயசுக்கு இருக்குற புத்தகத்தையெல்லாம் முடிச்சுட்டா. அந்தப் பிள்ள ரெண்டு வாரம் டேப்லெட்டக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு தட்டா நின்னுச்சு. என்னன்னு கேட்டா தலைய ஆட்டும். அப்பறம் வர்றதையே நிறுத்திட்டா. சோம்பேறி ஆயிட்டன்னு சொல்லி பேட்ஜக் கழட்டி வாங்கிட்டேன். ஆமா, எல்லாரு முன்னாலயும்தான். அப்பிடிப் பாக்காதீங்க தம்பி. வடையச் சாப்புடுங்க.

போன வாரம் நான் இங்க கத்துனப்ப, நீங்க உங்க போன ஸ்டிக்கர்ல காட்டி, என் கையில குடுத்தீங்கல்ல? உங்க போனும் சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். ரயில்ல ஒக்காந்தப்பறம்தான் அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு மண்டையில ஏறுச்சு. உங்களுக்கு அனுமதி இல்லை, உரிமையாளரிடம் கேட்கவும். உரிமையாளர் யாரு? நான். கோப்ப எனக்கு மட்டும்னு பூட்டி வெச்சிருக்கேன். மூணு தடவ சோதிச்சேன்னு சொன்னேன்ல... மூணு தடவயும் என் போன்ல. வீட்டுக்காரி வந்தா கதவு தொறக்காம என்ன செய்யும்?

அனுமதி கேட்டு வந்ததெல்லாம் ஸ்கூல் ஈமெயிலுக்குப் போயிருக்கு. அத நான் எட்டிப் பாக்குறதே இல்ல, மீட்டிங், மீட்டிங், மீட்டிங்னே வரும். அன்னிக்கித்தான் பாத்தேன். எரநூத்துப் பதினொண்ணு. அதான் விடுகதைக்குப் பதில். அவங்க தட்டுனது வாசக் கதவ, நான் ஒக்காந்திருந்தது பின்கட்டுல. டொமினிக் சாரு மட்டும் ஒம்போது. சந்திரகலா இருபத்து மூணு. வாயத் தொறக்காத பிள்ள தம்பி, எழுதியிருக்கா. "டீச்சர், நான் சந்திரகலா, நாலாம் ஆண்டு. உள்ள வரலாமா?" மறுநாளும் அதே. இருபத்து ரெண்டு தடவ அதேதான், ஒரு எழுத்து மாறல. கடைசில மட்டும், "பரவால்ல டீச்சர்."

...இல்ல, ஒண்ணுமில்ல. உங்க லேமினேட் மிஷினு சூடு கண்ணுல படுது. ஜன்னல கொஞ்சம் தொறந்து வெச்சாத்தான் என்ன?

பூட்டத் தொறந்துட்டேன். அரை நிமிஷ வேல. திங்கக்கெழம அசெம்பிளில, தப்பு என்னுதுதான்னு மைக்கப் புடிச்சு சொன்னேன். எல்லாரு முன்னாலதான பேட்ஜக் கழட்டுனேன், அப்ப எல்லாரு முன்னாலதான சொல்லணும். டொமினிக் சாரு கை தட்டுறாரு, பந்து புடிக்கிற கை. ரீசஸ்ல அவளத் தேடிப் போனேன். லைப்ரரில இல்ல. கேன்டீன்ல இல்ல. தோட்டத்துல, கீரைப் பாத்தி ஓரமா குந்திக்கிட்டு எதையோ நோண்டிக்கிட்டிருந்தா. கையெல்லாம் மண்ணு, முகத்துல ஒரு சிரிப்பு, அத நான் லைப்ரரில பாத்ததில்ல. பேட்ஜ நீட்டுனேன். "இப்ப அறுபத்து நாலும் தொறக்கும். லைப்ரரிக்கு வர்றியா, இல்ல இங்கயே இருக்கியா? நீயே சொல்லு"ன்னேன். வருவான்னுதான் நெனச்சேன். நெனைக்க மாட்டீங்களா? முன்னூறு பக்கம் பாத்தவ நான்.

அதுக்குத்தான் தம்பி வந்தேன். ஸ்டிக்கர் அடிக்கணும். ஒண்ணே ஒண்ணு. மழ பட்டா ஊறாத தாளு இருக்கா? அதுல. நம்பர் அம்பத்து ரெண்டு, மண்புழுவப் பத்துன பக்கம். அடிச்சுட்டு உங்க போன்ல காட்டிப் பாருங்க, என் போன்ல வேணாம்.

அவ தோட்டத்துலயே இருக்கேன்னு சொன்னா. அம்பத்து ரெண்ட மட்டும் வேலிக் கம்பத்துல ஒட்டித் தரச் சொன்னா.