இறங்காத சோறு

— என்னத்தடி கலந்து குடுத்தே என் தம்பிக்கு?

— உப்பு. வேற ஒண்ணும் கலக்கல, அண்ணி. மெதுவாப் பேசுங்க, இது ஆஸ்பத்திரி.

— கேக்கட்டுமே, ஊருக்கே கேக்கட்டும்! மூணு மாசமா காலையில தின்னது சாயங்காலம் அப்படியே முழுசா வாந்தியா வருது. அவன் தைச்ச சட்டை அவனுக்கே தொளதொளன்னு தொங்குது.

— நானும் அதே பானையிலதான் சாப்பிடுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?

— அதைத்தான்டி நானும் கேக்குறேன்! உனக்கு ஏன் ஆகல? நான் உன் வீட்டுக்கு வந்து இருபது நாள். நாலு வாய்க்கு மேல இறங்கல. நேத்து ரெண்டு தடவை வாந்தி. வேற சாட்சி வேணுமா? என் வயிறே சாட்சி!

— உங்களுக்கு விஷம் வெச்சு நான் எதை வாரிக்கப் போறேன்? உங்க ஓட்டைத் தையல் மெஷினையா?

— வாயைப் பாரு! போலீஸ்ல எழுதிக் குடுக்கிறேனா இல்லையா பாரு.

— தாராளமா. பேனா வேணுமா?

— இங்க டெய்லரோட வீட்டுக்காரங்க யாரும்மா?

— நான்தான், டாக்டர்.

— நான் அவனை வளர்த்த அக்கா. விஷம்னு எழுதுங்க, டாக்டர்!

— விஷமெல்லாம் இல்லம்மா. வாய் வழியா குழாய் விட்டுப் பாத்தோம். இரைப்பையிலேர்ந்து குடலுக்குப் போற வாசல் அடைச்சுக் கெடக்கு. அடைச்சிருக்கிறது நூல் உருண்டை. கலர் கலரா, ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு. என் சர்வீஸ்ல இப்பத்தான் மொதத் தடவையாப் பாக்குறேன். ஏன், அவர்கிட்ட கத்திரி கிடையாதா?

— கடையில மூணு கத்திரி இருக்கு, டாக்டர். ஆனா நூலை மட்டும் பல்லாலதான் கடிப்பார். கடிச்சதைத் துப்பவும் மாட்டார். கேட்டா, தொழில் கத்துக்குடுத்தவங்க பழக்கம்னுவார்.

— யார் கத்துக்குடுத்தது?

— இதோ நிக்கிறாங்களே. சொல்லுங்க அண்ணி, இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசினீங்களே?

— வீட்டுல இருந்ததே ஒரு கத்திரி, டாக்டர்... நூல்ல போட்டா முனை மழுங்கிடும். பல்லால கடிடான்னேன். துப்பினா தைச்ச துணியில போய் ஒட்டிக்கும், முழுங்கிடுடான்னு... நான்தான். நானும் நாப்பது வருஷமா அப்படித்தானே...

— சரிம்மா, நாளைக்குக் காலையில ஆபரேஷன். அவர் சம்சாரம் நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க.

— போடுறேன். நீங்க அந்தக் குழாயைக் கழுவித் தயாரா வைங்க, டாக்டர். எனக்கு எதிரா சாட்சி சொல்ல வந்த வயிறு ஒண்ணு இங்கயே நிக்குது.